கண் வைத்த சுவர்கள்

தில்லிக்குப் புதிதாக மாற்றலாகி வரும் தமிழருக்கு இந்தி வைக்கும் முதல் பொறிகளில் ஒன்று 'ஜாலி'. கொசு அதிகம், ஜாலி போட்டுக்கொள்ளுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொன்னால், கொசுவுக்கும் குஷிக்கும் என்ன சம்பந்தம் என்று விழிப்பார். ஒரு வாரத்தில் புரிந்துவிடும். கொசுவைத் தடுக்கும் கம்பிவலைக் கதவு ஜாலி. குளியலறைத் தண்ணீர் போகும் துளைமேல் வைக்கும் சல்லடை மூடி ஜாலி. பால்கனிக்குள் புறா வராமல் கட்டும் நைலான் வலை ஜாலி. ஹுமாயூன் கல்லறையில் வெளிநாட்டுப் பயணிகள் காமிராவை நீட்டும் கல் சாளரமும் ஜாலிதான். போதாக்குறைக்கு, எழுத்தில் அச்சு அசலாக இதே போலிருக்கும் இன்னொரு ஜாலி உண்டு. அதற்கு அர்த்தம் போலி. வங்கிக் காசாளர் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அந்தச் சொல்லைச் சொன்னால் சிரிப்பதற்கில்லை.

முதல் ஜாலி சம்ஸ்கிருத 'ஜால'த்தின் பிள்ளை. ஜாலம் என்றால் வலை. போலி என்ற பொருள் தரும் ஜாலி அரபு வழியில் வந்தது. இரண்டும் இந்தியில் வந்து ஒரே சட்டையை மாட்டிக்கொண்டுவிட்டன. மொழிபெயர்ப்பில் பிழைப்பவர்களுக்கு இந்த மாதிரிச் சொற்களிடம் பயம் கலந்த மரியாதை உண்டு.

இத்தனை வகை வலைகளையும் ஒரே பேட்டையில் பார்க்க வேண்டுமானால் ஆர்.கே.புரத்துக்குப் போகலாம். ராமகிருஷ்ண பரமஹம்சரின் பெயரால் ராமகிருஷ்ணபுரம் ஆன இந்த இடத்தை அப்படி முழுசாகச் சொல்பவர்கள் இன்று அநேகமாகத் தபால்காரர்கூட இல்லை. ரிங் ரோடு ஒரு பக்கம், அவுட்டர் ரிங் ரோடு மறுபக்கம். நடுவே எண்ணிட்ட செக்டார்களாக மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்புகள். தமிழர்களுக்கு இது தில்லியில் ஒரு தனி முகவரி. 1946ல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கத்தின் கட்டடம் செக்டார் ஐந்தில் இருக்கிறது, சாலைக்கே தமிழ்ச் சங்கத்தின் பெயர். செக்டார் நான்கில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. செக்டார் ஏழில் சின்னக் குன்றின் மேல் சுவாமிநாதன். உத்தர சுவாமிமலை என்ற அதன் பெயரை ஆட்டோக்காரரிடம் சொன்னால் பிரயோஜனமில்லை, 'மலை மந்திர்' என்றால் உடனே வண்டியைக் கிளப்புவார். 1973 ஜூனில் கும்பாபிஷேகம் நடந்த கோயில் அது. 2018லிருந்து மெட்ரோ ரயிலும் வருகிறது.

சுற்றுலாக் கையேடுகள் ஆர்.கே.புரத்தைப் பொருட்படுத்துவதில்லை. சங்கம் இருக்கும் அதே செக்டாரில் வஜீர்பூர் கும்பட் எனப்படும் லோதி காலக் கல்லறைகளும் ஒரு படிக்கிணறும் இருப்பது அங்கேயே குடியிருப்பவர்கள் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதை மாலை நடைக்கான பூங்காவின் ஒரு பகுதி என்றே நினைக்கிறார்கள். ஆனால் இங்கே பார்க்க வேண்டியது கல்லறையைவிடச் சாதாரணமானது. ஏதாவது ஒரு பழைய பிளாக்கின் மாடிப்படியில் ஏறுங்கள். படி திரும்பும் இடத்தில், வெளிச்சுவருக்குப் பதிலாக, தரையிலிருந்து தலைக்கு மேல் வரை சிமெண்ட் ஜாலி. சில பிளாக்கில் வெறும் சதுரங்கள். சிலவற்றில் சதுரத்துக்குள் வட்டம், அல்லது சாய்ந்த கட்டம். பிற்பகலில் அந்தக் கட்டங்கள் படிகளின் மேல் நீண்டு கிடக்கும். பால்காரர் சைக்கிள் பெல், மூன்றாவது மாடியின் தாளிப்பு, கீழே கிரிக்கெட் விளையாடும் பிள்ளைகளின் சண்டை எல்லாம் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் வரும்.

இதை வடிவமைத்தவர் பெயர் எங்கும் பொறிக்கப்பட்டிருக்கவில்லை. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலை அட்டவணையில் இது ஒரு வரி: முன்வார்ப்பு கான்கிரீட் ஜாலி, ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி, உள்ளே மெல்லிய கம்பி, தடிமன் 50, 40 அல்லது 25 மில்லிமீட்டர். ஜாலிக்குள் நாலு பங்கு ஜல்லி என்பது தமிழர் மட்டுமே ரசிக்கக்கூடிய கணக்கு.

அலங்காரத்துக்காக வைத்ததல்ல இது. தில்லியின் மே மாத வெயில் 45 டிகிரியைத் தொடும். வெயில் வரக் கூடாது, வெளிச்சம் வர வேண்டும். அனல் வரக் கூடாது, காற்று வர வேண்டும். படியேறும் பெண்களை வெளியிலிருந்து யாரும் வெறிக்கக் கூடாது, ஆனால் யார் வருகிறார்கள் என்று உள்ளேயிருந்து பார்க்க முடிய வேண்டும். முழுச் சுவரோ முழு ஜன்னலோ இத்தனையையும் செய்யாது. ஜாலி செய்யும். சூட்சுமம் ஓட்டையின் ஆழத்தில் இருக்கிறது. ஓட்டை எத்தனை உயரமோ அத்தனை தடிமனாகக் கல் இருந்தால், நேர் எதிரே 45 டிகிரிக்கு மேல் எழுந்த சூரியனின் கதிர் உள்ளே நேராக விழ முடியாது. தில்லியில் ஜூன் மாத உச்சிச் சூரியன் ஏறக்குறைய 85 டிகிரியில், தலைக்கு மேல் நிற்கிறது. டிசம்பரில் 38 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆக, தெற்குப் பார்த்த ஆழமான ஜாலி வேண்டாத வெயிலை வாசலிலேயே நிறுத்தி, குளிர்கால வெயிலில் கொஞ்சத்தை உள்ளே விடுகிறது. இதற்கு மின்சாரமும் வேண்டாம், பராமரிப்பு ஒப்பந்தமும் வேண்டாம். ஜாலி காற்றைக் குளிர வைக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. தண்ணீர் தெளித்த முற்றமோ நீரோடையோ பக்கத்தில் இருந்தால் குளிரும், இல்லையென்றால் நிழலோடு காற்று, அவ்வளவுதான். அதுவே ஜூன் மாதத்தில் பெரிய உபகாரம்.

திரைக்கு அந்தப் பக்கம் வெளிச்சமும் இந்தப் பக்கம் இருட்டும் இருக்கும்வரைதான் மறைவு. இரவில் படிக்கட்டில் பல்பு எரிந்தால் எல்லாம் தலைகீழ். படியில் நின்று ரகசியம் பேசும் பருவத்துப் பிள்ளைகள் இதை இயற்பியல் படிக்காமலே தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

சிமெண்டில் வார்த்த இந்த ஏழைப் பங்காளிக்குப் பெரிய இடத்துச் சொந்தம் உண்டு. கல்லில் வலை பின்னுவது தில்லியில் குறைந்தது ஏழு நூற்றாண்டு வழக்கம். 1311ல் அலாவுதீன் கில்ஜி கட்டிய அலாய் தர்வாஜா குதுப் மினார் வளாகத்தில் இருக்கிறது. ஜாலி இட்ட அதன் ஜன்னல்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், பக்கத்திலேயே 1530களில் எழுந்த இமாம் ஜாமினின் சின்னஞ்சிறு சமாதி. தூண்களுக்கு இடையே சுவருக்குப் பதில் சிவப்புக் கல் ஜாலி. சுற்றுலா பஸ்கள் மினாரை மட்டும் காட்டிவிட்டு ஹார்ன் அடிப்பதால் பெரும்பாலோர் இதைப் பார்க்காமலே போகிறார்கள். அதற்குப் பின் முகலாயர் காலத்தில் இந்தக் கலை உச்சிக்குப் போனது. ஒரே கற்பலகையில் காம்பஸும் அளவுகோலும் கொண்டு அறுகோணமும் நட்சத்திரமும் வரைந்து, வேண்டாத இடத்தை உளியால் எடுத்துவிடுவது. எடுக்கப்பட்டதுதான் வேலை, மிச்சம் இருப்பது அதற்குச் சாட்சி. கடைசி மூலையில் ஒரு நரம்பு முறிந்தாலும் பலகை வீண். ஃபத்தேபூர் சிக்ரியில் சலீம் சிஷ்டியின் பளிங்கு ஜாலியில் குழந்தை வரம் வேண்டுபவர்கள் நூல் கட்டுகிறார்கள். ஆமதாபாத்தில் சீதி சய்யத் மசூதியின் ஜாலி (1573) கட்டங்களை விட்டுவிட்டு, கிளை பின்னிய மரமாகவே கல்லை மாற்றிவிட்டது. எனக்குப் பிடித்தது நிஜாமுதீனில் இருக்கும் ஜஹானாராவின் சமாதி. ஷாஜஹானின் மகள், 1681ல் இறந்தவர். மேலே கூரை இல்லை, கல்லறைமேல் மண்ணும் புல்லும். சுற்றிலும் பளிங்கு வலை மட்டும்.

தமிழர் இதற்காகப் பொறாமைப்பட வேண்டியதில்லை. தாராசுரத்தில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயிலின் துளையிட்ட கற்சாளரங்கள் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சொல்லிலோ நாம் இன்னும் பழையவர்கள். இன்று எல்லோரும் புழங்கும் 'ஜன்னல்' போர்ச்சுகீசியர் கொடுத்தது. அதற்கு முன் நம்மிடம் இருந்தவை காலதர், சாளரம், பலகணி. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காலதர் காற்று வரும் வழி. பலகணி பல கண் உடையது, அதாவது ஜாலியேதான். சிலப்பதிகாரத்தின் புகாரில் மாளிகை ஜன்னல்கள் மானின் கண் வடிவில் இருந்தன. சம்ஸ்கிருத சிற்ப நூல்களில் பசுவின் கண் பெயரில் ஒரு சாளரம் உண்டு, அதுதான் கவாட்சம். ஆங்கிலச் சொல் 'விண்டோ'வைக் கிண்டிப் பார்த்தால் பழைய வடநாட்டு மொழியில் 'காற்றுக் கண்'. எங்கோ கடுங்குளிரில் இருந்தவனும் காவிரி முகத்துவாரத்தில் இருந்தவனும் ஒரு ஓட்டையைப் பார்த்துக் காற்றையும் கண்ணையும் நினைத்திருக்கிறார்கள். வலையிலும் சல்லடையிலும் ஓட்டைக்கு நம் ஊரில் இன்றும் பெயர் கண்தான்.

ஆர்.கே.புரத்துக்கு அடுத்த பேட்டையான சாணக்கியபுரியில் ஜாலி ஒருமுறை உலகப் புகழ் பெற்றது. எட்வர்ட் டுரெல் ஸ்டோன் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1959ல் திறக்கப்பட்ட அமெரிக்கத் தூதரகத்தின் கண்ணாடிச் சுவர்களைச் சுற்றி ஜாலித் திரை போர்த்தினார். அதன் பின் அறுபதுகளில் அமெரிக்காவில் ஓட்டல், வங்கி, வீட்டுத் தோட்டம் என்று ஓட்டை போட்ட கான்கிரீட் கல் ஒரு மோகமாகப் பரவியது. தெற்கே லாரி பேக்கர் இன்னும் எளிமையாகச் செய்தார். செங்கல்லை அடுக்கும்போது நடுநடுவே இடம் விட்டார், ஜாலி ஆயிற்று, செங்கல்லும் மிச்சம். திருவனந்தபுரத்தில் உள்ளூர் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களில் அதைக் காணலாம். தூதரகத்துக்கும் குமாஸ்தா குவார்ட்டர்ஸுக்கும் ஒரே தத்துவம் பொருந்தியது நேருவின் காலத்துத் தில்லிக்குப் பெருமைதான்.

மாடிப்படி ஜாலியை விட்டுக் கீழே இறங்கினால் மரங்கள். வேம்பு, அரசு, நாவல். தில்லியில் இலையுதிர் காலம் வெயில் தொடங்கும் மார்ச்சில் வருகிறது. வந்தால் செக்டார் சாலைகள் சருகு விரிப்பாகிவிடும். மழைநீர் வடிகாலில் சில வாரம் ஊறிக் கிடந்த அரசிலையை எடுத்துப் பாருங்கள். சதை அழுகிக் கரைந்து நரம்புகள் மட்டும் மிஞ்சியிருக்கும். பள்ளிக்கூடத்தில் புத்தகத்துக்குள் வைத்துப் பாதுகாத்த அதே வலை. இதன்மேல் பிள்ளையாரையும் புத்தரையும் வரைந்து கைவினைக் கடைகளில் விற்கிறார்கள். நம் பாடப்புத்தகம் இதற்கு வலைப்பின்னல் நரம்பமைவு என்று பெயர் வைத்து, புல்லுக்கும் வாழைக்கும் இணைப்போக்கு என்று பிரித்து, தேர்வில் இரண்டு மதிப்பெண் போட்டு முடித்துக்கொண்டது. ஏன் வலை என்று கேட்கவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி. தண்ணீரை எல்லா மூலைக்கும் கொண்டுபோவதுதான் நோக்கம் என்றால், மரத்தின் கிளைபோலப் பிரிந்து பிரிந்து போனால் போதும். வளையங்களாக மூடிக்கொள்வது அதிகச் செலவு. ஆனால் இலையைப் பூச்சி கடிக்கும், காற்று கிழிக்கும். கிளை வழியில் ஓரிடம் அறுந்தால் அதற்கு அப்பால் எல்லாம் காய்ந்துவிடும். வலையில் அறுந்தால் தண்ணீர் சுற்றி வரும். 2010ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கணக்காலும் சோதனையாலும் காட்டினார்கள். எலுமிச்சை இலையின் நடு நரம்பில் ஓட்டை போட்டு, ஒளிரும் சாயத்தை ஏற்றினார்கள். சாயம் காயத்தைச் சுற்றிக்கொண்டு பக்கத்துச் சிறு நரம்புகள் வழியாக நுனிவரை போனது. நரம்புகள் பிரிந்துகொண்டே போய் மீண்டும் சேராத ஜிங்கோ என்ற மிகப் பழைய மரவகையின் இலையில் காயத்துக்கு மேலே சாயம் போகவில்லை. தண்ணீர்க் குழாய் ஓரிடத்தில் உடைந்தால் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் தில்லிவாசிக்கு இந்தச் சோதனை புரிய நேரமாகாது. நகரம் இன்னும் ஜிங்கோ காலத்தில் இருக்கிறது.

தேன்கூட்டின் கதை வேறு. அங்கே பயம் இல்லை, சிக்கனம். ஒரு பரப்பைச் சமமான அறைகளாகப் பிரிக்க மிகக் குறைந்த சுவர் போதுமான வடிவம் அறுகோணம் என்று ரோமாபுரிக் காலத்திலேயே ஊகித்தார்கள். அதைக் கணிதப்படி நிரூபித்தவர் தாமஸ் ஹேல்ஸ், 1999ல். மெழுகு செய்வது தேனீக்குச் செலவான காரியம் என்பதால் அதற்கு நிரூபணம் தேவைப்படவில்லை. அரசுக் கட்டடங்களின் சன்ஷேடுக்கு அடியில் மலைத்தேனீக்கள் கட்டித் தொங்கவிடும் கூட்டை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனால், ஏர்கூலருக்கு 'ஹனிகோம்ப் பேட்' கேட்டு நிற்பவர்கள் கூட்டம். முன்பு கம்பிவலைக்குள் மரச் சீவலைத் திணித்துத் தண்ணீர் விடுவார்கள். இப்போது பழுப்புக் காகித அட்டை. பெயர்தான் தேன்கூடு. உற்றுப் பார்த்தால் நெளி நெளியான தாள்களை ஒட்டிவைத்திருக்கிறார்கள், அறுகோணம் கிடையாது.

கைவினையில் வலைக்கு ஆர்.கே.புரத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருந்தது, யாரும் அதைக் கைவினை என்று சொல்லவில்லை, அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஈஸ்ட் பிளாக், வெஸ்ட் பிளாக் என்ற நீண்ட அலுவலகக் கட்டடங்கள் இங்கே உண்டு. சர்க்கார் அலுவலகம் என்றால் பிரம்பு நாற்காலி என்றிருந்த காலம் ஒன்று. முதுகிலும் இருக்கையிலும் பிரம்புப் பட்டை வலை. மேலிருந்து கீழாக இரண்டு இழை, குறுக்காக இரண்டு, பிறகு மூலைவிட்டமாக இரு பக்கமும் ஒவ்வொன்று. எட்டு மூலைக் கண்கள் தானாக விழும். உட்காருபவரின் எடையை ஒரே இழை தாங்காமல் பங்கு போட்டுக்கொள்வதும், முதுகு வேர்க்காமல் காற்று போவதும் இதன் குணம். அந்த நாற்காலிகளைப் பின்னியவர்களில் கணிசமானோர் பார்வையற்றவர்கள். நாற்காலி பின்னுவது அவர்களுக்குப் பயிற்சி தந்து வேலையும் கொடுத்த தொழில்களில் ஒன்று. எந்தக் கண்ணில் எந்த இழை மேலே, எது கீழே என்று விரல் எண்ணிக்கொண்டு போகும். உலகத்தின் மிகத் துல்லியமான அலங்கார வலைகளில் ஒன்றைப் பார்க்காமலே போட்டவர்கள் அவர்கள். நுரைப் பஞ்சு வைத்த சுழல் நாற்காலி வந்தது, பிரம்பு போனது. பிரம்போடு அந்த வேலையும் சுருங்கியது. அலுவலகத்தில் இதற்காக யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. முதுகுவலிக்காரர்கள் தவிர.

பிரம்பு போனாலும் பின்னல் வேறு பெயரில் வாழ்கிறது. செக்டார் சந்தையில் காய்கறி வாங்க வரும் கூட்டத்தில் தமிழ்ப் பெண்மணியை மொழி கேட்காமலே கண்டுபிடிக்கலாம், கையில் ஒயர் கூடை. நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, சிவன் கண் என்று அதில் வகைகள். மறுபடியும் கண். ஐ.என்.ஏ. அருகே 1994ல் திறந்த தில்லி ஹாட் கைவினைச் சந்தைக்குப் போனால் லக்னோ சிக்கன் துணியிலும் ஒரு 'ஜாலி' இருக்கிறது. அங்கே நூல் ஒன்றும் வெட்டப்படுவதில்லை. நெய்த துணியின் இழைகளை ஊசியால் ஒதுக்கி, ஒதுக்கிய இடத்தில் இறுக்கித் தைத்து, ஓட்டையை வரவழைக்கிறார்கள். கல் ஜாலியில் எடுத்துவிடுவது, இதில் நகர்த்திவைப்பது.

தமிழர் வீட்டு வாசலில் இன்னொரு முறை. மார்கழியில் தில்லியின் விடிகாலை சில நாள் ஐந்து டிகிரிக்கும் கீழே போகும். ஸ்வெட்டருக்கு மேல் சால்வையோடு, குவார்ட்டர்ஸ் மாடிப்படித் திருப்பத்தில், இரண்டடிக்கு இரண்டடி இடத்தில், சிக்குக்கோலம். புள்ளிகளை வைத்துவிட்டு ஒரே கம்பி எல்லாப் புள்ளியையும் சுற்றி வளைந்து, கிளம்பின இடத்துக்கே வந்து சேர வேண்டும். எந்தப் புள்ளியும் வெளியே நிற்கக் கூடாது. இதுவும் வலைதான், ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் ஒரு பாவை வைத்த வலை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் எழுபதுகளில் கோலத்தைக் கணினியியலுக்குள் கொண்டுபோனார்கள். படங்களை உண்டாக்கும் இலக்கண விதிகளுக்குக் கோலம் அவர்களுக்கு முன்மாதிரி ஆனது. சொற்களுக்கு இலக்கணம் இருப்பதுபோல, சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலம் விளைவதற்கும் விதி உண்டு. தமிழ் எம்.ஏ. வகுப்பில் நன்னூல் நடத்தியவர்கள் இதையும் ஒரு மணி நேரம் நடத்தியிருக்கலாம்.

இன்று அந்தக் கோலத்துக்குப் பின்னால் இருக்கும் சிமெண்ட் ஜாலியைப் பார்ப்பது அவ்வளவு உற்சாகமாக இல்லை. பல பிளாக்குகளில் அது அடைபட்டுவிட்டது. சில இடத்தில் பிளாஸ்டிக் தாள், சில இடத்தில் பழைய அட்டைப்பெட்டி, வசதியானவர்கள் செங்கல்லே வைத்துப் பூசிவிட்டார்கள். மூடியவர்களைக் குறை சொல்வது சுலபம். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஏ.சி. வந்துவிட்டது, குளிர்ந்த காற்று கசியக் கூடாது. புறாத் தொல்லை. டெங்கு. எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் காற்றே. தில்லியின் காற்று மாசு அளக்கும் நிலையங்களில் ஒன்று ஆர்.கே.புரத்தில் இருக்கிறது. நவம்பர் வந்தால் பத்திரிகைகளில் இந்தப் பேட்டையின் பெயர் தமிழ்ச் சங்க விழாக்களுக்காக வருவதில்லை, மாசு எண்ணுக்காக வருகிறது. எண் 400ஐத் தாண்டி 'கடுமை' என்ற கட்டத்தில் நிற்கும் நாட்கள் ஒன்றிரண்டல்ல. காற்றை உள்ளே விடுவதற்கென்றே ஒரு சுவரைக் கண்டுபிடித்த நகரத்தில், காற்றை உள்ளே விடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இழுப்பு உள்ள குழந்தையை வைத்துக்கொண்டு பலகணியின் சொல்லழகைப் பேசிக்கொண்டிருக்க முடியாது. அந்த மாதங்களில் மக்கள் நம்புவது மூக்கின் மேல் கட்டும் வேறொரு வலையை. என் 95 முகமூடியின் இழைகள் ஒழுங்கில்லாமல் சிக்கிக் கிடப்பவை. கண்ணைவிடச் சின்னத் தூசியைக்கூட இழையில் ஏற்றிய மின்னூட்டத்தால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சல்லடைபோல அளவு பார்த்துத் தடுப்பதோடு அது நிற்பதில்லை.

ஆனால் ஜாலியை மூடியதால் தூசி நின்றுவிடவில்லை. கதவிடுக்கில் வருகிறது, துணியில் வருகிறது. போனது மற்றவை. பகலிலேயே படிக்கட்டில் விளக்கு போட வேண்டியிருக்கிறது. ஏ.சி.யின் வெளிப்பெட்டிகள் அனலைத் தெருவில் கக்க, அந்த அனலுக்குப் பயந்து மிச்சமிருக்கும் ஓட்டைகளும் அடைபடுகின்றன. ஏ.சி. வாங்க வக்கில்லாத மேல்மாடிக்காரர் இரண்டு பக்கத்துச் சூட்டையும் வாங்கிக்கொள்கிறார். அடுத்த பேட்டைகளில் பழைய குவார்ட்டர்ஸே மறைகின்றன. சரோஜினி நகர், நேதாஜி நகர், முகமதுபூர் உள்ளிட்ட ஏழு அரசுக் காலனிகளை இடித்து உயரமாகக் கட்ட 2016ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2018ல் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்து மக்கள் தெருவுக்கு வர, தில்லி உயர்நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்திவைத்தது. மரத்துக்கு வக்காலத்து வாங்க ஆள் இருந்தது. மாடிப்படி ஜாலிக்கு ஒருவரும் மனு போடவில்லை. இடிபாட்டு லாரியில் அது முதலில் நொறுங்கும் சாமான்.

புதிய கட்டடங்களில் ஜாலி இல்லை என்று சொல்லிவிட முடியாது. நிறைய இருக்கிறது. கணினி இயக்கும் எந்திரம் வெட்டிய உலோகத் தகடாக முகப்பில், மரத்தூள் பலகையாகப் பூஜை அறையில், தபால் தலை அளவுக்குச் சுருங்கி விளக்கு மூடியில். முகலாய நட்சத்திரம், அறுகோணம் எல்லாம் பிசகில்லாமல் விழுந்திருக்கின்றன. தட்டிப் பார்த்தால் பின்னால் பல சமயம் சுவர், அல்லது திறக்க முடியாத கண்ணாடி. இரண்டாவது அர்த்தத்தில் ஜாலி என்று அவற்றைச் சொல்வது கொஞ்சம் கடுமைதான். ஆனால் அகராதி இடம் கொடுக்கிறது.

ஜூலையில் மழை பிடித்து நாலைந்து நாள் பெய்தால் மாசு எண் இறங்கி 'திருப்திகரம்' என்று வரும். ஆர்.கே.புரம் அப்போது வேறு ஊர். வேம்பு கழுவி வைத்த மாதிரி நிற்கும், மலை மந்திர் குன்றில் மயில் அகவுவது கீழே சாலை வரைக்கும் கேட்கும். அப்படியொரு நாளில் செக்டார் நான்கின் பழைய பிளாக் ஒன்றில், இரண்டாவது மாடித் திருப்பத்தில், ஓய்வுபெறப் போகும் ஒரு திருநெல்வேலிக்காரர் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஜாலியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார். அக்டோபரில் திரும்ப ஒட்டத்தானே போறீங்க என்று மனைவி கீழேயிருந்து சத்தம் போட்டார். அவர் பதில் சொல்லவில்லை. கட்டம் கட்டமாக வெளிச்சம் அவர் பனியன்மேல் விழுந்திருந்தது. மூன்று மாசமாவது ஆகும் அக்டோபருக்கு.